பத்தாயிரம் பேரும் தொள்ளாயிரத்து முப்பது பேரும்: சென்னை நிலத்தில் நவீனத் தரைப்போர், 1746–1780

1. ஆய்வின் எல்லை

தரைப்போரைப் பற்றி யார் பேசினாலும் முதலில் வருவது எண்ணிக்கைதான். எத்தனை லட்சம் துருப்புகள், எத்தனை டாங்கிகள், எத்தனை பீரங்கிகள் என்று இரண்டு பத்தியாகப் பிரித்துப் போட்டுக் கூட்டிக் காட்டுவார்கள். அப்படிப்பட்ட கணக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சோதிக்கச் சென்னையைப் போல வாய்ப்பான இடம் குறைவு. 1746க்கும் 1780க்கும் இடைப்பட்ட முப்பத்து நான்கு ஆண்டுகளில் தென்னிந்தியத் தரைப்போர் அடியோடு மாறியது. அந்த மாற்றத்தின் முக்கியமான கட்டங்கள் இந்த ஊரிலும் இதன் சுற்றுப்புறத்திலும்தான் நடந்தன.

சிந்தாதிரிப்பேட்டையில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு வசதி உண்டு. பறக்கும் ரயிலில் வடக்கே போனால் கோட்டை நிலையம். தெற்கே போனால் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, அதையடுத்து அடையாற்றுப் பாலம். 1746இல் மோதிய இரு தரப்பும் நடந்து கடந்த நிலம் ஏறக்குறைய இந்தத் தடத்துக்குள் அடங்கிவிடும். காஞ்சிபுரத்தை ஒட்டிய புள்ளலூர் மட்டும் சற்றுத் தள்ளி இருக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்ளும் நிகழ்வுகள் மூன்று: 1746 நவம்பரில் நடந்த அடையாற்றுச் சண்டை, 1758–59இல் நடந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டை முற்றுகை, ஐதர் அலி சென்னையை நெருங்கிய 1767–80 காலம். முதலாவது புகழ் பெற்றது, ஆனால் பெரும்பாலும் தவறான காரணத்துக்காகப் புகழ் பெற்றது. இரண்டாவதைப் பற்றிய கணக்குகள் நன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே அதில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

தேதி பற்றி ஒரு குறிப்பு. 1752 வரை ஆங்கிலேயரின் நாட்காட்டி பிரெஞ்சுக்காரரின் நாட்காட்டிக்கு 11 நாள் பின்தங்கி இருந்தது. அடையாற்றுச் சண்டையைச் சிலர் அக்டோபர் 24 என்றும் சிலர் நவம்பர் 4 என்றும் எழுதுவதற்கு அதுவே காரணம். இரண்டும் ஒரே நாள். இங்கே புதிய கணக்கைப் பின்பற்றுகிறேன்.

2. களத்தின் அமைப்பு

பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையின் தென்பகுதியை இன்றைய தெருக்களை வைத்து நினைத்துப் பார்க்கக் கூடாது. மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்ட ஏரி ஒன்று கிடந்தது. இன்றைய தியாகராய நகர் அந்த ஏரியை 1920களில் தூர்த்து எழுப்பிய குடியிருப்பு. கிழக்கே கடல். தெற்கே அடையாறு, வடக்கே கூவம். இந்த நான்குக்கும் நடுவே கிடந்த திறந்த வெளியை ஆங்கிலேயர் சத்திரத்துச் சமவெளி என்று அழைத்தார்கள். இன்றைய அண்ணா சாலை அதன் ஊடாகத்தான் ஓடுகிறது.

தெற்கிலிருந்து வரும் படைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று பரங்கிமலையிலிருந்து மர்மலாங் பாலத்தின் வழியாக ஆற்றைத் தாண்டிச் சமவெளிக்குள் நுழைவது. ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் கட்டிக்கொடுத்த பாலம் அது. மற்றொன்று கடலோரமாக வந்து, முகத்துவாரத்துக்கு அருகே அடையாற்றில் இறங்கிச் சாந்தோம் வழியாக ஏறுவது. மேற்கே சுற்றிப் போகலாம் என்றால் ஏரி வழியை மறிக்கும். பெரும் படைக்கும் சிறு படைக்கும் இங்கே கிடைத்தது ஒரே அகலமுள்ள தாழ்வாரம்தான்.

சிந்தாதிரிப்பேட்டை அந்தத் தாழ்வாரத்தின் வடக்கு முனை. மூன்று பக்கம் கூவம் வளைந்து ஓட, 1734இல் கவர்னர் மார்ட்டன் பிட் காலத்தில், சுங்குராமச் செட்டியின் தோட்டமாக இருந்த நிலத்தில், நெசவாளரைக் குடியமர்த்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த பேட்டை இது. இங்கிருந்து கோட்டை சுமார் இரண்டு கிலோமீட்டர். இந்தப் பேட்டையைக் கோட்டையின் வெளி அரணாக யாரும் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் இந்தப் போர்களுக்கெல்லாம் அடியில் கிடந்த பொருள் இங்கே தறியில் விழுந்த துணிதான். கம்பெனி இந்தக் கடற்கரையில் உட்கார்ந்ததே அதற்காக.

3. படைபலம்: தலைக்கணக்கு எதைச் சொல்லும்?

1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லா பூர்தொனே கடல்வழியாக வந்து சென்னையைப் பிடித்தார். கோட்டைக்குள் இருந்த ஐரோப்பியச் சிப்பாய்கள் ஏறத்தாழ முந்நூறு பேர். சண்டைக்கு ஆகக்கூடியவர்கள் அதிலும் குறைவு. சில நாள் குண்டுவீச்சிலேயே கோட்டை பணிந்தது. பிடித்த ஊரை 11 லட்சம் வராகன் ஈட்டுத்தொகைக்கு ஆங்கிலேயரிடமே திருப்பிக் கொடுக்க லா பூர்தொனே பேரம் பேசினார். புதுச்சேரியின் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேயோ ஊரை ஆற்காட்டு நவாபு அன்வருத்தீனிடம் ஒப்படைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு, நிறைவேற்றாமல் இழுத்தடித்தார். நவாபின் மகன் மாபூஸ்கான் பத்தாயிரம் பேருடன் சென்னைக்கு வந்தது அந்த வாக்கை வசூலிக்கத்தான். இந்தப் பேரங்களின் உள்விவகாரத்தைப் போர் வரலாறுகளில் தேடுவதைவிட, பெரம்பூரில் பிறந்து புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷியாக உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் தேடுவது மேல். யார் யாருக்குக் கடிதம் எழுதினார், யார் யாருக்குப் பாக்கி என்பதில் அவர் கண்ணுக்குத் தப்பியது குறைவு.

பத்தாயிரம் என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் பெரும்பகுதி குதிரைப்படை. ஜாகீர்தார்கள் தங்கள் பங்குக்கு அனுப்பிய ஆட்கள் அவர்கள். குதிரை பெரும்பாலும் வீரனின் சொந்தச் சொத்து. குதிரைக்கும் சேர்த்துத்தான் அவனுக்குச் சம்பளம். குதிரை செத்தால் பிழைப்பும் போயிற்று. அப்படிப்பட்டவனைப் பீரங்கி வாய்க்கு நேரே பாயச் சொன்னால் தயங்குவான். அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனம் என்று எழுதிய ஐரோப்பியர்கள் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத் தவறிவிட்டார்கள். பிரெஞ்சுப் படையில் துப்பாக்கி பிரெஞ்சுக் கம்பெனியுடையது. அது உடைந்தால் சிப்பாய்க்கு நஷ்டம் இல்லை.

எதிர்த்தரப்பில் புதுச்சேரியிலிருந்து பாரதி என்ற சுவிஸ் பொறியாளர் கூட்டிவந்த படையில் 230 ஐரோப்பியரும் 700 இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். மொத்தம் 930. நான்கில் மூன்று பங்கு இந்த மண்ணின் ஆட்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். 1740–41இல் மராட்டியர் மிரட்டியபோது புதுச்சேரிக் கவர்னர் துய்மா உள்ளூர் முஸ்லிம்களைச் சேர்த்து ஐரோப்பிய முறையில் கவாத்துப் பழக்கியதன் தொடர்ச்சி இந்தச் சிப்பாய்ப் படை. அடையாற்றில் ஐரோப்பியர் இந்தியரை வென்றனர் என்று பாடப்புத்தகம் சொல்வது இந்த ஒரு காரணத்தாலேயே அரைகுறை உண்மை.

படைபலத்தைச் சூத்திரமாக்கியவர்களில் ஃபிரடெரிக் லான்செஸ்டர் முக்கியமானவர். ஆங்கிலேயப் பொறியாளரான அவர் 1914இல் எழுதி 1916இல் நூலாக்கிய கருத்து இது: கைகலப்பில் பலம் ஆள் எண்ணிக்கைக்கு நேர்விகிதத்தில் கூடும்; தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடும் போரில் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஏனென்றால் அதிக ஆள் இருக்கும் தரப்பு அதிகமாகச் சுடுவதோடு, அதன்மேல் விழும் குண்டுகளும் பல தலைகளுக்குப் பங்காகிப் போகின்றன.

இதை அடையாற்றில் பொருத்திப் பார்ப்போம். பத்தாயிரத்தை 930ஆல் வகுத்தால் பத்தே முக்கால். அதன் வர்க்கம் சுமார் 115. அதாவது பாரதியின் ஒவ்வொரு ஆளும் மாபூஸ்கானின் ஆளைப்போல 115 மடங்கு திறமையோடு சுட்டிருந்தால்தான் சண்டை சமன் ஆகியிருக்கும். எந்தத் துப்பாக்கியும் அதைத் தராது. ஆகவே ஒன்று சூத்திரம் தவறு, அல்லது அந்தப் பத்தாயிரம் பேர் சண்டையே போடவில்லை. பின்னதுதான் நடந்தது என்பது என் முடிவு. ஆயுதத்தைப் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

4. ஆயுதம்

நவாபின் காலாட்கள் கையில் இருந்தது திரித் துப்பாக்கி. எரியும் திரியை மருந்தில் தொட்டுச் சுடும் வகை. மழையில் திரி அணைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒவ்வொருவன் கையிலும் தீப்பொறி, இடுப்பில் வெடிமருந்து. அதனால் தோளோடு தோள் ஒட்டி நிற்க முடியாது. விலகி நிற்க வேண்டும். விலகி நின்றால் ஒரு கஜ அகலத்திலிருந்து புறப்படும் குண்டுகள் குறையும்.

சக்கிமுக்கிக் கல்லால் வெடிக்கும் துப்பாக்கி இந்தத் தடையை நீக்கியது. பிரெஞ்சுக்காரரின் சார்ல்வில் துப்பாக்கிக் குழல் சுமார் 17.5 மில்லிமீட்டர் அகலம். ஆங்கிலேயரின் பிரவுன் பெஸ் சுமார் 19. நூறு கஜத்துக்கு அப்பால் இரண்டுக்குமே குறி கிடையாது. பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான். மருந்தும் குண்டும் காகிதத்தில் சுற்றிய தோட்டாவாக முன்கூட்டியே தயாராக இருந்ததால்தான் அந்த வேகம். குழலின் வெளிப்பக்கத்தில் மாட்டும் பயனெட் வந்தபிறகு, சுடுபவனுக்கும் ஈட்டிக்காரனுக்கும் தனித்தனி ஆள் தேவைப்படவில்லை. மூன்று வரிசையாக நின்று, அதிகாரி குரல் கொடுக்கும்போது ஒருசேரச் சுட்டு, புகை கலையும் முன் பயனெட்டோடு ஓடுவதுதான் அன்றைய உச்சகட்டத் தந்திரம். ஆயுதத்தின் தரத்தைவிட அதை ஒரே நேரத்தில் இயக்கும் பழக்கம் அதிக வேலை செய்தது.

பீரங்கியில் இடைவெளி இன்னும் அகலம். நவாபின் பீரங்கிகள் மாட்டு வண்டியில் ஊர்ந்துவரும் கனமான உருப்படிகள். மருந்தைப் பீப்பாயிலிருந்து கரண்டியால் அள்ளிப் போட்டு, குண்டைத் திணித்து, குறிபார்த்து முடிக்கக் கால்மணி நேரம் ஆகும். கால்மணிக்கு ஒருமுறை சுட்டால் நல்ல வேலை என்று அவர்கள் நினைத்ததாக வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். பிரெஞ்சுக்காரரின் இலகுவான களப் பீரங்கி நிமிடத்துக்கு ஐந்தாறு முறை சுட்டது என்கிறார் அவரே. ஐந்தாறு என்பதில் கொஞ்சம் பெருமை கலந்திருக்கலாம். பாதியைத் தள்ளினாலும் வேறுபாடு நாற்பது மடங்கு அளவில் இருக்கும்.

நவம்பர் 2ஆம் தேதி இது நேரில் தெரிந்தது. மாபூஸ்கான் முற்றுகையிட்டிருந்த கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர் நானூறு பேர் இரண்டு களப் பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். நவாபின் குதிரைப்படை எதிரே திரண்டது. பீரங்கி ஒருமுறை வெடித்தது; அடுத்த வெடிக்கு நேரம் இருக்கிறது என்று நம்பிக் குதிரைகள் நின்றன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது குண்டு தொடர்ந்து வந்தது. சுமார் 70 பேர் இறந்தார்கள். முற்றுகை கலைந்தது. பிரெஞ்சுத் தரப்பில் உயிர்ச்சேதம் இல்லை.

5. அடையாறு, 4 நவம்பர் 1746

மாபூஸ்கான் அங்கிருந்து விலகிச் சாந்தோமுக்குப் போனது ஓட்டமல்ல. புதுச்சேரியிலிருந்து வரும் பாரதியை ஆற்றங்கரையில் மறிப்பதே அவர் திட்டம். நல்ல திட்டம். வடகரையில் பீரங்கிகளை நிறுத்தி, எதிரி நீரில் இறங்கும்போது அடிக்கலாம். அதோடு பாரதியிடம் பீரங்கியே கிடையாது. இரண்டு நாள் முன்பு கோட்டையடியில் வேலை செய்த ஆயுதம் இங்கே இல்லை. அடையாற்று வெற்றியைப் பீரங்கி வேகத்தால் விளக்குகிறவர்கள் இரண்டு நாளையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

பாரதி ஆற்றில் இறங்கினார். ஐப்பசி மாதம், மழைக்காலம்; ஆனாலும் முகத்துவாரத்தருகே நடந்து கடக்கும் ஆழம். வடகரைப் பீரங்கிகள் சுட்டன. பெரிய சேதம் இல்லை. கரையேறியதும் ஒருசேர ஒரு சூடு, உடனே பயனெட். எதிர்வரிசை உடைந்து சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கியது. அங்கேதான் உண்மையான சேதம். குறுகிய தெருக்களில் குதிரையும் காலாளும் சுமைமாடும் நெருக்கியடிக்க, பின்னால் வந்தவர்கள் வரிசை மாறாமல் சுட்டுக்கொண்டே முன்னேறினார்கள். கர்நாடகத்தின் பெருங்கொடி பறந்த யானைமேல் மாபூஸ்கான் முதலிலேயே களத்தை விட்டுப் போய்விட்டார். கொடியைக் கண்ணால் பார்த்துச் சண்டைபோடும் படைக்கு, கொடி போனால் உத்தரவும் போயிற்று.

இப்போது அந்த 115க்குத் திரும்பலாம். லான்செஸ்டரின் வர்க்க விதி, இரு தரப்பிலும் எல்லோரும் ஒரே நேரத்தில் சுடமுடியும் என்ற அனுமானத்தில் நிற்கிறது. ஆற்றங்கரையில் அப்படி இல்லை. கரையில் பாரதிக்கு நேராக நின்றவர்கள் சில நூறு பேராகத்தான் இருக்கமுடியும். மற்றவர்கள் பின்னால் நின்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மோதிய இடத்தில் பாரதிக்குச் சிறுபான்மை இல்லை, பெரும்பான்மையே இருந்திருக்கலாம். முன்வரிசை திரும்பி ஓடியபோது பின்னால் இருந்த ஆயிரக்கணக்கானோர் தோற்றதைக் கண்டார்களே ஒழியப் போரிட்டுத் தோற்கவில்லை. பெரும் எண்ணிக்கை அந்த நேரத்தில் தெருவை அடைக்கும் சுமையாகவும் ஆனது.

6. முற்றுகை: வெடிமருந்தின் கணக்கு, 1758–59

1748இன் அய்-லா-ஷப்பேல் உடன்படிக்கைப்படி சென்னை மறு ஆண்டு ஆங்கிலேயரிடம் திரும்பியது. இரண்டுமுறை அதே தவறைச் செய்ய அவர்கள் தயாராக இல்லை. கோட்டையைத் திருத்த 1750இல் வந்து சேர்ந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ். 1742இல் பீரங்கியியல் பற்றிப் புதிய நூல் எழுதியவர். ஊசல் ஒன்றில் குண்டு மோதும்போது அது ஆடும் அளவை வைத்துக் குண்டின் வேகத்தைக் கண்டுபிடித்தவர். துப்பாக்கிக் குண்டு விநாடிக்கு ஐந்நூறு மீட்டர் அளவில் பறக்கிறது, காற்று அதை எல்லோரும் எண்ணியதைவிடப் பலமடங்கு தடுக்கிறது என்று காட்டினார். அந்த நூலை ஆய்லரே ஜெர்மனில் மொழிபெயர்த்து உரை எழுதினார். அப்படிப்பட்டவர் சென்னைக் கோட்டைக்குத் திட்டம் வரைந்துவிட்டு, 1751 ஜூலையில் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார். அவருக்குப்பின் ப்ரோயரும் ஜான் காலும் வேலையைத் தொடர்ந்தார்கள்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லல்லி முற்றுகையிட வந்தபோது கோட்டைக்குள் 1,758 ஐரோப்பியர், 2,220 சிப்பாய்கள்: மொத்தம் 3,978. கவர்னர் ஜார்ஜ் பிகட். படைத்தலைவர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ். லல்லியிடம் மொத்தம் ஏழெட்டாயிரம் பேர். முற்றுகையிடுபவனுக்கு உள்ளே இருப்பவனைப்போல் மூன்று மடங்காவது வேண்டும் என்பது பழைய கணக்கு. லல்லிக்கு இரண்டு மடங்கே இருந்தது. பணமும் இல்லை, அதற்காகத் தஞ்சாவூர்வரை போய், அந்த ஆகஸ்டில் வெறுங்கையோடு திரும்பியிருந்தார். அட்மிரல் தாஷேயின் கப்பற்படை மொரீஷியசுக்குப் போய்விட்டது. கடல் திறந்து கிடந்தது. இந்தக் கடைசி விஷயம் ஒன்றுக்காகவே முற்றுகையைத் தொடங்காமல் இருந்திருக்கலாம்.

பரங்கிமலை, சத்திரத்துச் சமவெளி வழியாக வந்த படை, டிசம்பர் 14ஆம் தேதி, கோட்டைக்கு வெளியே இந்தியர் குடியிருந்த கருப்பர் நகரத்துக்குள் புகுந்தது. மக்கள் ஓடிவிட்ட வீடுகளில் சாராயம் அகப்பட்டது. பாதிப் படை போதையில் கிடப்பதாக உளவு வந்ததும் கர்னல் டிரேப்பர் அறுநூறு பேரையும் இரண்டு பீரங்கிகளையும் கொண்டு வெளியே பாய்ந்தார். தெருச்சண்டையில் இரு பக்கமும் பெரும் சேதம். பயன் யாருக்கும் இல்லை. ஆங்கிலேயருக்குக் கிடைத்த ஒரே லாபம் பிரெஞ்சு அதிகாரி கோம்த் தெஸ்தேன். கிட்டப்பார்வை உள்ள அவர் எதிரிப் படையைத் தம் படை என்று எண்ணி நேராக நடந்துபோய்ச் சிக்கினார். பிற்காலத்தில் பிரெஞ்சுக் கடற்படையில் பெரும் பதவி வகித்தவரும் இவரே.

ஜனவரி தொடக்கத்தில் குண்டுவீச்சு ஆரம்பமாயிற்று. பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகம் அமைந்த இடத்தில் அப்போது ஆங்கிலேயரின் இடுகாடு இருந்தது. அங்கிருந்த உயர்ந்த கல்லறைக் கூம்புகளும் மதிலும் பிரெஞ்சுக்காரருக்குப் பீரங்கி வைக்கத் தோதான மறைப்பாக அமைந்தன. தம் பாட்டன்மார் கல்லறையிலிருந்து தம்மேல் குண்டு விழுவதைக் கண்ட கம்பெனி, முற்றுகை முடிந்ததும் கூம்புகளை இடித்துத் தள்ளியது. எழுத்துப் பொறித்த பலகைகளைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலய முற்றத்துக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அங்கே அவற்றின்மேல் நடந்து செல்லலாம்.

ஓர்ம் தரும் செலவுக் கணக்கு இந்தக் கட்டுரைக்கு உயிர்நாடி. கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டுகள் 26,554. மோர்ட்டாரிலிருந்து எறிந்த வெடிகுண்டுகள் 7,502. கையெறி குண்டுகள் 1,990. துப்பாக்கித் தோட்டாக்கள் இரண்டு லட்சம். வெடிமருந்து 1,768 பீப்பாய். பீப்பாய்க்கு நூறு ராத்தல் என்று கொண்டால் சுமார் 80 டன். மீந்தது: இரும்புக் குண்டுகள் 30,767, ஆனால் வெடிகுண்டுகள் 481 மட்டுமே, வெடிமருந்து 668 பீப்பாய்.

இதை நாள்கணக்கில் வகுத்துப் பார்த்தால் கோட்டையின் உண்மை நிலை புலப்படும். டிசம்பர் 14 முதல் பிப்ரவரி 17 வரை 66 நாள். நாளொன்றுக்குச் சுமார் 400 பீரங்கிக் குண்டு, 27 பீப்பாய் மருந்து. அந்த வேகத்தில் மீந்த மருந்து 25 நாளுக்கு வரும். இரும்புக் குண்டோ இன்னொரு முற்றுகைக்கே போதும். ஆனால் மோர்ட்டார் வெடிகுண்டு? நாளுக்கு 114 வீதம் போனால் நான்கே நாள். பெரும்பகுதி ஜனவரிக்குப் பிறகே செலவானது என்பதைச் சேர்த்தால் மூன்று நாள். மதிலுக்கு அப்பால் பள்ளத்தில் பதுங்கியிருப்பவனை நேர்கோட்டில் பறக்கும் இரும்புக் குண்டு ஒன்றும் செய்யாது. மேலே எழும்பி உள்ளே விழும் வெடிகுண்டுதான் அவனைத் தொடும். மூன்று நாளுக்குமேல் இழுத்திருந்தால், முப்பதாயிரம் இரும்புக் குண்டு கையில் இருந்தும் கோட்டையின் பதிலடி பாதி ஊமையாகியிருக்கும். மொத்த இருப்பைப் பார்த்து மகிழ்கிறவர்கள் எப்போதும் சறுக்குவது இந்த இடத்தில்தான்: தீர்ந்துபோவது மொத்தச் சரக்கு அல்ல, அதில் ஒரு வகை.

லல்லியின் பக்கம் நிலைமை அதைவிட மோசம். புதுச்சேரிக் கிடங்கில் இருந்த வெடிகுண்டு முழுவதும் தீர்ந்தது. எல்லா வகையிலும் சேர்த்து 8,000 எறிந்தார். அவற்றில் பெரும்பாலானவை கோட்டைக்குள் இருந்த வீடுகளைக் குறிவைத்தவை. மதிலையும் பீரங்கி மேடைகளையும் அடித்திருக்க வேண்டிய குண்டு, ஆள் காலிசெய்துவிட்ட அறைகளின் கூரையில் விழுந்தது. மதிலில் உடைப்பு விழுந்தபோதும் அதில் ஏற முடியாது என்று அவருடைய பொறியாளர்களே சொன்னார்கள். பிப்ரவரி 16ஆம் தேதி மாலை ஆறு ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் தெரிந்தன. அடுத்த நாள் லல்லி பீரங்கிகளையும் காயம்பட்டவர்களையும் விட்டுவிட்டுப் புறப்பட்டார்.

சிப்பாய்களைப் பற்றி ஓர் எண். கோட்டைக்குள் 105 பேர் இறந்தார்கள், 217 பேர் காயப்பட்டார்கள், 440 பேர் ஓடிப்போனார்கள். ஓடிப்போனவர்களைப் பற்றி ஆங்கிலேய எழுத்தாளர்கள் முகம் சுளிப்பார்கள். குடும்பம் வெளியே, சொந்த ஊர் எதிரியின் கையில், உள்ளே எதிர்காலம் தெரியாது என்ற நிலையில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் நின்றார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. சிதறிக் கிடந்த சிப்பாய்க் குழுக்களைப் பட்டாலியன்களாகத் திரட்டியது இதே காலத்தில்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் தன் பிறப்பை 1758 என்று கணக்கிடுகிறது.

7. கோட்டைக்கு வெளியே நடந்த போர்

முற்றுகையின் முடிவைக் கப்பல்கள் எழுதின என்பது பொதுக் கருத்து. அதில் பாதியை யூசுப்கானுக்குக் கொடுக்க வேண்டும். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்து, மருதநாயகம் என்று மக்கள் நினைவில் நிற்கும் அதே ஆள். கேப்டன் பிரஸ்டன் செங்கல்பட்டைக் கையில் வைத்திருக்க, யூசுப்கான் சிப்பாய்களும் குதிரைகளும் கொண்டு லல்லியின் முதுகில் உலவினார். புதுச்சேரியிலிருந்து வரும் தானிய வண்டி, மருந்து வண்டி, கடிதம் கொண்டுவருபவன் எதுவும் காவலில்லாமல் வரமுடியாத நிலையை உண்டாக்கினார். வண்டிக்குக் காவல் அனுப்பினால் பதுங்குகுழியில் ஆள் குறையும். அடித்தால் கலைந்து, வேறிடத்தில் வந்து அமரும் ஈக்களாக இவர்களை லல்லியே நொந்துகொண்டதாக ஒரு பதிவு உண்டு. பிப்ரவரி 9ஆம் தேதி பரங்கிமலையில் மேஜர் கைலோவின் தலைமையில் நேருக்குநேர் ஒரு சண்டையும் நடந்தது. அதன் முடிவு தெளிவில்லாதது. ஆனால் முற்றுகைக்குத் தேவையான ஆட்களை அன்று லல்லி வேறு பக்கம் அனுப்ப வேண்டி வந்தது.

1746இல் 700 சிப்பாய்கள் ஒருவர் உத்தரவில் சுட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்குப் பிறகு ஒரு சிப்பாயே போர்முறையைத் தானாக வகுக்கிறார். அந்தத் திறமையைக் கம்பெனி வரவேற்றது, பிறகு பயந்தது. 1764 அக்டோபர் 15ஆம் தேதி மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

8. ஐதரின் பாடம், 1767–1780

மைசூரை ஆண்ட ஐதர் அலி சென்னையின் களத்தை வேறு விதமாகப் படித்தார். கோட்டையைப் பிடிக்க அவர் முயலவே இல்லை. 1767இல் அவர் மகன் திப்புவின் குதிரைப்படை பரங்கிமலை வட்டாரத்துத் தோட்ட வீடுகள்வரை வந்து சூறையாடியது.  1769 மார்ச் இறுதியில் ஐதர் காலாட்களையும் பீரங்கியையும் பின்னால் விட்டுவிட்டு, ஆறாயிரம் குதிரைகளோடு மூன்றரை நாளில் 130 மைல் ஓடிப் பரங்கிமலையில் நின்றார். அவரைத் தேடிக்கொண்டிருந்த ஆங்கிலேயப் படை உள்நாட்டில் எங்கோ இருந்தது. கம்பெனி ஏப்ரல் தொடக்கத்தில் உடன்படிக்கைக்கு இறங்கியது. ஒரு குண்டும் மதிலைத் தொடவில்லை. இதன் பயத்தில் எழுந்ததுதான் கருப்பர் நகரத்தைச் சுற்றிய மதில். வால்டாக்ஸ் சாலை அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1780 செப்டம்பர் 10, புள்ளலூர். கம்பெனியின் கர்னல் பெய்லி, வழியில் வந்து சேர்ந்த பிளெச்சரின் படையையும் சேர்த்துச் சுமார் 3,800 பேரோடு காஞ்சிபுரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார். அங்கே ஹெக்டர் மன்றோ ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட படையோடு காத்திருந்தார். இருவருக்கும் இடையே அரைநாள் நடை. ஐதரும் திப்புவும் அந்த அரைநாளுக்குள் புகுந்தார்கள். லான்செஸ்டர் இங்கே சரியாகப் பொருந்துகிறார். 3,800உம் 5,000உம் சேர்ந்து நின்றிருந்தால் பலம் 8,800இன் வர்க்கம். பிரிந்து நின்றால் இரண்டு வர்க்கங்களின் கூட்டல் மட்டுமே. கணக்குப் போட்டால் பாதி. ஒரு குண்டு சுடும் முன்பே ஐதர் எதிரியின் பலத்தைப் பாதியாக்கிவிட்டார்.

மீதியை ஆயுதம் பார்த்துக்கொண்டது. மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளில் மருந்து அடைத்த குழல் இரும்பால் ஆனது. மூங்கிலோ காகிதமோ தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கும். அதனால் ஒரு மைலுக்கு அப்பாலும் பறந்தது. குறி துல்லியமில்லை. ஆனால் கட்டம் கட்டி நின்ற படைக்கு எதிராகத் துல்லியம் அவ்வளவு தேவைப்படவில்லை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட்டாலா பீரங்கிக் குண்டாலா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மருந்து போனபின் அடையாற்றில் வென்ற அதே மூன்று வரிசைத் தந்திரம் வெறும் பயனெட் வேலியானது. பெய்லி சிறைப்பட்டார். மன்றோ கனமான பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

ஐதரின் வெற்றியில் பிரெஞ்சு அதிகாரிகளுக்குப் பங்கு உண்டு என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. பங்கு இருந்தது. ஆனால் கவாத்தும் களப் பீரங்கியும் வேகமும் யாருடைய தனிச்சொத்தும் அல்ல என்பது 1746இலேயே 700 சிப்பாய்களால் நிரூபணமான ஒன்று. கம்பெனி அதை உணர முப்பத்து நான்கு ஆண்டு பிடித்தது.

புள்ளலூருக்குப் பின் கம்பெனி எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று, மேலும் துப்பாக்கி வாங்குவது அல்ல. செப்டம்பர் 30ஆம் தேதி, தோல்விக்கு இருபதாம் நாள், லெப்டினன்ட் ஜோசப் மூர்ஹவுஸ் பொறுப்பில் மெட்ராஸ் பயனியர் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. மண்வெட்டி, கடப்பாரை, கோடரி கொண்டு பாதை வெட்டுவதும் ஆற்றில் வழி போடுவதும் பீரங்கி வண்டிகளைச் சேற்றிலிருந்து எடுப்பதும் அவர்கள் வேலை. மூர்ஹவுஸ் 1791இல் பெங்களூர் முற்றுகையில் இறந்தார். அவர் திரட்டிய கம்பெனிகளிலிருந்து வளர்ந்த மெட்ராஸ் சாப்பர்கள் இன்று அதே பெங்களூரில்தான் தலைமையகம் வைத்திருக்கிறார்கள்.